காலையில் கிழக்குக் கரை, பின்னேரம் மேற்குக் கரை

காலையில் குழுவாகக் கரைப்பறவை (உள்ளான், உப்புக்கொத்தி போல நீரோரச் சேற்றில் இரை தேடுபவை) பார்க்கப் போனால் வாவியின் கிழக்குக் கரையில் இறங்கி, மேற்கே பார்த்து நில்லுங்கள். வெயில் முதுகில் விழும், பறவை மேல் நேராக வெளிச்சம் படும். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்பு உருவம்தான். தண்ணீரின் பளபளப்பு வேறு கண்ணைக் கூசவைக்கும். வெளிச்சம் சரியாக இருந்தால் சின்ன உப்புக்கொத்தியின் கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையமும், வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் உள்ளானின் தோளோரம் மேலேறும் வெள்ளைக் கீற்றும் சாதாரண பைனாகுலரிலேயே தெரியும். ஆளுக்கொரு பெயர் சொல்லி வாதாடும் நேரம் மிச்சம்.

கரையில் ஆள்காட்டிப் பறவை நின்றால் மட்டும் கிட்டப் போகாதீர்கள். அது கத்தினால் மற்றவையும் எழுந்துவிடும்.

பின்னேரம் என்றால் மேற்குக் கரைக்கு மாறுங்கள். நுவரெலியா கிரகரி வாவியில் மூட்டம் இறங்கிய நாளில் இது உதவாது, எந்தக் கரையும் ஒன்றுதான். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் விளிம்பு முட்ட நிறைந்திருக்கும்போதும் அப்படித்தான்: சேறு வெளியில் தெரியாது, இந்தப் பறவைகளுக்கு இரை தேட இடமும் இருக்காது. தண்ணீர் வற்றிய பிறகு போங்கள்.