அப்பா விட்டுப்போன காசுப் பெட்டி: எங்கிருந்து தொடங்குவது?

நாணயம் சேர்த்தவர் தவறிப்போனால் வீட்டில் ஒரு பெட்டி மிஞ்சும். பழைய பிஸ்கட் டின்னாகவோ, கடையில் கல்லாவாக இருந்த மரப்பெட்டியாகவோ இருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் பரணில் ஏற்றுவார்கள், இல்லையென்றால் அப்படியே எடைக்குப் போடுவார்கள். இரண்டும் வேண்டாம். நாணயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட ஒரு விடுமுறையில் தொடங்கிவிடலாம்.

எங்கள் ஊர் செங்கோட்டை. அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்ததால், இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் திருவிதாங்கூர், பிரிட்டிஷ் என்று இரண்டு சர்க்கார் காசும் கலந்து கிடக்கும். அப்பாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அதனால்தான். கண் மங்கிய பிறகு, "ஏம்மா, வருஷம் என்னன்னு பாரு" என்று என்னிடம் நீட்டுவார். எனக்கும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

1. முதலில் எதையும் பிரிக்காதீர்கள்

எல்லாரும் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, பெரியது சிறியது என்று அடுக்கத் தொடங்குவார்கள். அதைச் செய்யவே கூடாது. பெட்டி இருக்கிற நிலையிலேயே மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு பொட்டலத்தையும் தனியாக வைத்து, பிரிப்பதற்கு முன் ஒரு படம், பிரித்த பின் காசின் இரு பக்கமும் ஒவ்வொரு படம். பக்கத்தில் ஓர் அடிக்கோல் இருந்தால் அளவு தெரியும்.

காசைப் பற்றி எந்தப் பட்டியலிலும் படித்துக்கொள்ளலாம். அது உங்கள் வீட்டுக்கு வந்த வழி மட்டும் அந்தப் பொட்டலத்துக் காகிதத்தில்தான் இருக்கும். அப்பா சிகரெட் பெட்டித் தாளிலும் கல்யாணப் பத்திரிகை ஓரத்திலும் மடித்து வைப்பார். "புளியரை, தேங்காய் லாரி டிரைவர் கொடுத்தது", "சில்லறை பாக்கிக்கு வந்தது" என்று பென்சிலால் ஒரு வரி எழுதியிருப்பார். "ஆரியங்காவு, சாஸ்தா கோயில் போன அன்று" என்று ஒன்று. கூடப் போனது நான்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து எண், காசு, ஆண்டு, உலோகம், எடை, யார் கொடுத்தது, அவர் எழுதிய வரி என்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். அவர் வரியைத் திருத்தாமல், எழுத்துப்பிழையோடு அப்படியே எழுதுங்கள். பழைய தாளைக் குப்பையில் போடாமல் அதே எண்ணிட்டுத் தனி உறையில் வையுங்கள். காசோடு சேர்த்து வைத்தால் தாளின் அமிலம் காசைக் கறுக்க வைக்கும்.

2. யார் அடித்த காசு என்று பார்ப்பது

சங்கு இருந்தால் அநேகமாகத் திருவிதாங்கூர் அல்லது கொச்சி. திருவிதாங்கூர்க் கணக்கு இப்படி: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது திருவிதாங்கூர் ரூபாய். அதற்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். இந்த அரைச் சக்கரத்தை வைத்துக்கொண்டு எல்லைப்புற வியாபாரிகள் எப்படித்தான் கணக்குப் பார்த்தார்களோ! பழைய வெள்ளிச் சக்கரம் மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை எண்ணவென்றே குழி வைத்த மரப்பலகை உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால் விறகு என்று நினைத்துவிடாதீர்கள்.

திருவிதாங்கூரின் கடைசி ராஜா சித்திரைத் திருநாள் காலத்துச் சக்கரத்தில் 1114 என்று இருந்தால் ஆயிரம் வருடப் பழசு என்று குதிக்க வேண்டாம். அது மலையாளத்துக் கொல்லம் ஆண்டு. 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும், ஆவணி முதல் டிசம்பர் வரை 824. ஆக 1114 என்பது 1938-39. சின்னக் காசுகள் பலவற்றில் ஆண்டே இருக்காது. அங்கே "ஆண்டு இல்லை" என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.

இங்கிலாந்து ராஜா ராணி தலை இருந்தால் பிரிட்டிஷ் இந்தியா. விக்டோரியா தலையில் 1876 வரை ராணி, 1877 முதல் பேரரசி. எட்வர்ட் 1903 முதல், ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல், ஆறாம் ஜார்ஜ் 1938 முதல். 1911 ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று ரகளையாகி, அடுத்த ஆண்டே அதை மாற்றினார்கள். ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை வந்தது, யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க.

சிங்கத்தலை இருந்தால் 1950 முதல். 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தது. 1964 ஜூன் 1 முதல் "நயா" போய்விட்டது. ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் பம்பாய், நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கல்கத்தா. பிள்ளைகளிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து இந்த வேலையை ஒப்படைத்துவிடலாம்.

3. வெள்ளியா?

பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் 11.66 கிராம் எடை இருக்கும். 1939 வரை நூற்றுக்குச் சுமார் 92 பங்கு வெள்ளி, 1940 முதல் 1945 வரை பாதிதான். 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். காந்தத்தில் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று அர்த்தமில்லை, ஒட்டினால் வெள்ளி இல்லை, அவ்வளவுதான். நகைக்கடைத் தராசு இருந்தால் எடையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. தேய்க்கவே கூடாது

புளி, சாம்பல், எலுமிச்சை, விளக்கு தேய்க்கும் பொடி எதுவும் வேண்டாம். செம்புக் காசின் பழுப்பு நிறம் அழுக்கில்லை, அது காசின் மேல் தோல். பளபளவென்று தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் தள்ளி வைத்துவிடுவார்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். வெளிர்பச்சைப் பொடி உதிர்கிற காசை மட்டும் தனியே ஒதுக்குங்கள்.

மலிவான பிவிசி பிளாஸ்டிக் ஆல்பம் சில வருடங்களில் பிசுபிசுவென்று பச்சை பிடிக்க வைக்கும். பிவிசி இல்லாத உறை என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் ஊரில் ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அதனால் டின்னுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைக்கிறேன்.

5. விலை கேட்டு வருகிறவர்கள்

செய்தி வெளியே போனால் ஆள் வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். அம்மாவிடம், "அக்கா, மொத்தமா எடை போட்டு எடுத்துக்கிறேன்" என்றார். "அவரு எழுதி வச்சதுக்கு என்ன எடை போடுவீக?" என்று அம்மா கேட்டதும் மோர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

"பழைய காசுக்கு லட்சக்கணக்கில் பணம், ரிசர்வ் வங்கி அனுமதியோடு" என்று விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கமிஷன் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ராமர் சீதை படத்தோடு 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு எல்லாம் பின்னாளில் அடித்தது. பூஜை மாடத்தில் இருக்கட்டும், விலை பேசாதீர்கள். அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் என்று ஆரம்பித்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். நூறு வருடம் தாண்டிய காசை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. மண்ணில் கிடைத்த புதையலைக் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது 1878 முதல் இருக்கிற சட்டம்.

6. எழுத்து இல்லாத பொட்டலங்கள்

இதற்குக் கொஞ்சம் அலைய வேண்டும். காசு என்னவென்று தெரியாவிட்டால் படங்களோடு நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனை நாணய அருங்காட்சியகத்துக்கோ எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ போய் ஒப்பிட்டுப் பாருங்கள். யார் கொடுத்தது என்று தெரியாவிட்டால், கடையில் கூட நின்றவர்கள், அத்தை, சித்தப்பா, பக்கத்துக் கடை அண்ணாச்சி என்று ஒவ்வொருவரிடமும் நோட்டைக் கொண்டுபோங்கள். காசைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாலே போதும், பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் சொன்னதை வேறு நிற மையில், சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். ஒரே காசுக்கு அத்தை ஒரு கதையும் சித்தப்பா ஒரு கதையும் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.