வேலூரில் நடுநிலைப் பள்ளி தேடும் புதுக் குடும்பங்களுக்கு

வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வேலூர்ப் பக்கம் குடிவரும் பெற்றோர் முதலில் கேட்பது, "இந்த ஏரியாவில் எந்த அரசுப் பள்ளி நம்பர் ஒன்?" ஆறு முதல் எட்டு வரை அப்படியொரு பட்டியல் கிடையாது. முதல் பொதுத்தேர்வே பத்தாம் வகுப்பில்தான். எட்டு வரை யாரையும் ஃபெயிலாக்குவதும் இல்லை. ஆகவே நடுநிலைப் பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி என்று யாராவது பெருமை பேசினால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

பழைய மாவட்டக் கணக்கையும் நம்ப வேண்டாம். 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரோடும் ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டையோடும் போய்விட்டன.

உருப்படியாக ஒப்பிட என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதுவது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் உங்கள் பிள்ளை எழுத முடியாது, இருந்தாலும் விசாரியுங்கள். எத்தனை பேரை எழுத வைத்தார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்பதில் தலைமையாசிரியரின் அக்கறை தெரிந்துவிடும். மூன்று வருடக் கணக்காவது கேளுங்கள். எட்டாம் வகுப்பில் பன்னிரண்டே பிள்ளைகள் உள்ள ஒன்றியப் பள்ளியில் இரண்டு பேர் கூடினாலே சதவீதம் எங்கேயோ போய்விடும்.

அப்புறம், கணக்குக்கு யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம். எண்ணிக்கை சரியாக இருந்தும் கணக்கு ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கலாம்.

நேரில் போகிறீர்களா? பண்டிகைக்கு மறுநாள் போங்கள். கரும்பலகை மூலையில் பதிவு இத்தனை, வருகை இத்தனை என்று எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். ஏதாவது ஒரு ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டைப் புரட்டுங்கள். வெறும் டிக் மட்டும் இருக்கிறதா, தப்பான பின்னக் கணக்கைத் திரும்பப் போட வைத்திருக்கிறார்களா? என்னைக் கேட்டால் சதவீதத்தைவிட இதுதான் முக்கியம்.

தமிழ் எழுதத் தெரியாத பிள்ளையென்றால் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் தமிழ்ப் பாடம் உண்டு, தப்ப முடியாது.

ஆறாம் வகுப்பைத் தனியாரில் போட்டுவிட்டு ஏழில் மாற்றலாம் என்று நினைக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாறாமல், எந்த வகைப் பள்ளி என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு சேருங்கள்.