கிருஷ்ணகிரி மலைக்கோட்டை: முதன்முறை ஏறுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூர் பஸ்ஸில் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது ஊரை ஒட்டி நிற்கும் அந்த மொட்டைப் பாறை மலையைப் பார்த்திருப்பீர்கள். ஊர்க்காரர்கள் சையத் பாஷா மலை என்பார்கள். கோட்டை அதன் மேல்தான் இருக்கிறது. "மேலே ஏறினால் என்ன இருக்கு, இடிஞ்ச சுவர்தானே?" என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். அங்கே நடந்த ஒரு சண்டையை மனதில் வைத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள், ஒவ்வொரு திருப்பமும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்கே புரியும்.

1. முதலில் அந்தச் சண்டை

கோட்டையை விஜயநகர காலத்தது என்பார்கள். பிறகு மைசூரை ஆண்ட ஹைதர் அலி, அடுத்து அவர் மகன் திப்பு சுல்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தை அப்போது பாராமகால் என்று சொன்னார்கள். இந்துஸ்தானியில் 'பாரா' என்றால் பன்னிரண்டு; பன்னிரண்டு கோட்டைகளின் சீமை என்று அர்த்தம் சொல்வார்கள். எந்தப் பன்னிரண்டு கோட்டை என்பதில் ஆளுக்கொரு பட்டியல் உண்டு, ஆனால் கிருஷ்ணகிரி இல்லாத பட்டியலை நான் பார்த்ததில்லை.

1768-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தது. மறுவருட உடன்படிக்கையில் அது மறுபடி ஹைதரிடம் போனது. நாம் நினைவில் வைக்க வேண்டியது 1791 நவம்பர். கும்பெனிப் படையின் கர்னல் மேக்ஸ்வெல் பக்கத்துப் பென்னாகரம் கோட்டையைப் பிடித்த கையோடு இங்கே வந்தார். அடிவாரப் பேட்டை அவர் கைக்கு வந்துவிட்டது. ஓடிய மைசூர் வீரர்களைத் துரத்திக்கொண்டே மேலே ஏறி, அவர்களோடு சேர்ந்து வாசலுக்குள் நுழைந்துவிடலாம் என்பது கணக்கு. கும்பெனி ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் கதவு சாத்தப்பட்டது. மேலிருந்து பெரிய பெரிய பாறாங்கற்கள் உருண்டன. ஏணியும் நொறுங்கியது, ஏறிய ஆளும் நொறுங்கினான். படை திரும்பிப் போனது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாராமகாலோடு சேர்த்து இதுவும் கும்பெனிக்குப் போனது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கிடைத்த கோட்டை.

2. நாளும் நேரமும்

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. மழை பெய்த மறுநாள் வேண்டாம், பாறை வழுக்கும். காலை ஆறு, ஆறரைக்கு அடிவாரத்தில் இருங்கள். நான் முதல் தடவை டிபன் எல்லாம் முடித்துவிட்டு, ஒரே ஒரு அரை லிட்டர் பாட்டிலோடு பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தேன். பாதி வழியில் தண்ணீர் தீர்ந்தது. உட்காரலாம் என்று பாறையில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. கோட்டை வாசலைக்கூடப் பார்க்காமல் இறங்கினேன். அதனால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள ஷூ, தொப்பி. சாப்பாடு எதுவானாலும் ஜிப் போட்ட பைக்குள் இருக்கட்டும். பிளாஸ்டிக் கவரைக் கையில் பார்த்தால் குரங்கு விடாது. தனியாகப் போகாதீர்கள்.

3. போய்ச் சேர்வது

கிருஷ்ணகிரி ஊருக்குள் ரயில் கிடையாது. பஸ் தாராளம். தர்மபுரியிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து 90. பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "பழையபேட்டை, மலை தர்காவுக்கு ஏறுற படிக்கட்டு" என்று சொன்னால் போதும். கோட்டை என்பதைவிட தர்கா என்றால் சட்டென்று புரியும்.

4. ஏறும்போது எதைப் பார்ப்பது

பேட்டையிலேயே ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். மேக்ஸ்வெல்லின் ஆட்கள் நின்ற மட்டம் இதுதான். இங்கிருந்து மேலே போக எத்தனை வழி தெரிகிறது? மற்ற பக்கமெல்லாம் வழுக்குப் பாறை. அப்படிப்பட்ட இடத்தில் மதில் தேவையே இல்லை, மலையே மதில். மனிதன் ஏறக்கூடிய சரிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கல்லை அடுக்கியிருப்பார்கள். சுவர் திடீரென்று நின்றுபோனால் இடிந்துவிட்டது என்று முடிவு கட்டாமல், அதற்குக் கீழே பாறை எப்படி இறங்குகிறது என்று எட்ட நின்று பாருங்கள். விளிம்புக்குப் போக வேண்டாம்.

சுவர்க் கற்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் தேடலாம். பாறையில் விரல் நீளத்துக்கு, சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னக் குழி தெரிந்தால் அது ஆப்பு இறக்கிக் கல் பிளந்த தடம். வெட்டி எடுக்காமல் விட்ட வரிசைகூடக் கிடைக்கும். குனிந்து அதில் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே உளியின் வரி தட்டுப்படும்.

வாசல் வந்ததும் நின்று திரும்பிக் கீழே பாருங்கள். மூச்சு வாங்கும், கால் நடுங்கும். நீங்கள் வந்தது பையோடு. மேக்ஸ்வெல்லின் ஆட்கள் வந்தது துப்பாக்கியும் ஏணியும் சுமந்து, மேலிருந்து கல் உருண்டு வரும்போது. எனக்கு அந்தச் சண்டை புரிந்தது இந்த இடத்தில்தான்.

5. மேலே

சுனைகளைத் தேடுங்கள். மலைக்கோட்டைக்குப் பீரங்கியைவிடத் தண்ணீர் முக்கியம். மழைத்தண்ணீர் பாறைமேல் வழிந்து எந்தப் பக்கமாகப் போய் இறங்குகிறது என்று கவனித்தால் போதும், இடத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். பாசி வழுக்கும், இறங்க வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம்.

தர்காவுக்கு வேண்டுதலோடு ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் போய் வாருங்கள். ஆட்களைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

சுண்ணாம்புப் பூச்சில் பெயரும் இதயமும் கீறி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இருநூறு வருடத்து மழையைத் தாங்கிய பூச்சு ஒரு சாவிமுனையில் உதிர்கிறது. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூட வந்த நண்பன் சாவியை எடுத்தால் கையைப் பிடியுங்கள்.

6. இறக்கம்

ஏறுவதைவிட இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். செல்போனைப் பைக்குள் போடுங்கள். செங்குத்தான இடத்தில் பக்கவாட்டாகக் கால் வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் கீழே வந்துவிட்டால், சாப்பிட்டுவிட்டு ஊரிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். இந்தப் பக்கத்து நடுகற்களை அங்கே கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

ராயக்கோட்டையை அதே நாளில் சேர்க்காதீர்கள், முட்டி தாங்காது. அது சுமார் 30 கிலோமீட்டர், இங்கிருந்தே பஸ் இருக்கிறது. அதே 1791-ல், ஜூலையில், கும்பெனிப் படை அந்த மலைக்கோட்டையைப் பிடித்துவிட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அங்கே ஏறிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.