பாட்டின் ஸ்கேலைக் காதாலேயே பிடிப்பது: புதிதாக பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கு

ஒரு பாட்டு எந்த ஸ்கேல் என்று இணையத்தில் தேடினால் விடை கிடைத்துவிடும். ஆனால் ஒத்திகையில் பாடகர் "அரைக் கட்டை இறக்கிக்கலாம்" என்றால் அந்த விடை உதவாது. ஹார்மோனியக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் தொடங்கிவிட்டால் தேட நேரமும் இருக்காது. கீபோர்டில் ஒரு விரல் தப்பினால் மற்ற ஓசைகளுக்குள் மறைந்துபோகும். பேஸ் தப்பினாலோ மொத்தக் குழுவே சுருதி விலகியதுபோல் கேட்கும். அதனால் காதால் பிடிக்கும் பழக்கம் மற்ற எவரையும்விட பேஸ் வாசிப்பவருக்குத்தான் முதலில் வேண்டும்.

நாம் 'ஸ்கேல்' என்று கேட்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாட்டின் ச எங்கே? அது மேஜரா, மைனரா? முதல் கேள்விக்கு விடை தெரியும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒன்றாகத் தேடுபவர்கள்தான் அரை மணி நேரம் கம்பி முழுக்க அலைகிறார்கள்.

டியூனரை வைத்து நான்கு கம்பிகளையும் ஈ, ஏ, டி, ஜி என்று சரியாகச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள், கைபேசியின் ஒலிபெருக்கியில் வேண்டாம். பேஸின் திறந்த (விரல் வைத்து அழுத்தாத) ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கைபேசியால் வெளியே விட முடியாது. அதில் கேட்பது அந்த நோட்டின் மேலடுக்கு ஒலிகள் மட்டும்தான். உங்கள் பேஸின் சத்தம் பாட்டைவிடச் சற்றே குறைவாக இருக்கட்டும். நீங்கள் வாசிப்பதே பாட்டை மூடிவிட்டால் எது பொருந்துகிறது என்று காது சொல்லாது.

முதலில் வாய், பிறகு விரல்

பல்லவியை இரண்டு முறை ஓடவிடுங்கள். கிட்டாரைத் தொட வேண்டாம். மூன்றாம் முறை பாதி வரியில் பாட்டை நிறுத்திவிட்டு, அந்த வரி எங்கே போய் இறங்கி அமர விரும்புகிறதோ அந்த ஓசையை "ம்ம்" என்று முனகுங்கள். குழப்பமாக இருந்தால் இப்படி யோசியுங்கள்: பாட்டு முழுவதும் பின்னால் ஒரே ஒரு தம்பூரா மீட்டிக்கொண்டிருந்தால் அது எந்த ஸ்வரத்தில் நிற்க வேண்டும்? பெரும்பாலானவர்களுக்கு அந்த ஓசை தானாகவே வாயில் வரும். பாடத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் குரலுக்கு எட்டும் ஸ்தாயியில் முனகினால் போதும்.

முனகலை விடாமல் ஜி கம்பிக்கு வாருங்கள். திறந்த கம்பியிலிருந்து 11-ஆம் ஃப்ரெட் (கழுத்தில் உள்ள கட்டம்) வரை 12 நோட்டுகளும் அந்த ஒரே கம்பியில் இருக்கின்றன. ஒவ்வொரு ஃப்ரெட்டாக, தலா இரண்டு விநாடி நிறுத்தி வாசித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். தடித்த ஈ கம்பியில் தேடாதீர்கள். அவ்வளவு கீழே அடுத்தடுத்த இரண்டு நோட்டுகள் புதிய காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். சரியான நோட்டுக்கு ஒரு ஃப்ரெட் தள்ளி நின்றால் இரண்டு ஓசைகளும் ஒன்றையொன்று உரசி வெறுப்பாகக் கேட்கும். சரியான ஃப்ரெட்டுக்கு வந்ததும் உங்கள் முனகல் கம்பிக்குள் கரைந்துவிட்டதுபோல் இருக்கும்.

கிடைத்த நோட்டை ஒரு ஸ்தாயி கீழே இறக்க, ஏ கம்பியில் இரண்டு ஃப்ரெட் பின்னால் வாருங்கள். ஜி கம்பியில் 5 என்றால் ஏ கம்பியில் 3, அதாவது சி. ஜி கம்பியில் 0 அல்லது 1-இல் கிடைத்திருந்தால் அப்படிப் பின்னால் போக இடமில்லை. அப்போது ஈ கம்பியில் மூன்று ஃப்ரெட் கூட்டிக்கொள்ளுங்கள்.

பஞ்சமத்தின் ஏமாற்று

பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. ச என்று நினைத்துப் பிடித்தது உண்மையில் ப-வாக இருக்கும். ச-வும் ப-வும் அவ்வளவு இணக்கமானவை, தம்பூராவே அந்த இரண்டையும் சேர்த்துத்தான் மீட்டுகிறது. ஆகவே பாட்டு முழுக்க ஒரே நோட்டை ஒலிக்கவிட்டு "பொருந்துகிறதே" என்று திருப்திப்பட்டால் போதாது. ப-வும் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் பொருந்தத்தான் செய்யும். அதில் உட்கார்ந்த நிம்மதி மட்டும் இருக்காது.

பேஸில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நீங்கள் பிடித்த நோட்டுக்கு அடுத்த மெல்லிய கம்பியில், அதே ஃப்ரெட்டுக்கு நகருங்கள். பிடித்தது ப-வாக இருந்தால் இப்போது வந்து நின்ற இடம்தான் ச. உதாரணமாக ஈ கம்பி 3-இல் ஜி என்று முடிவு செய்திருந்தால், ஏ கம்பி 3-இல் உள்ள சி-யையும் சோதியுங்கள். பல்லவியின் கடைசிச் சொல் முடியும் இடத்தில் ஒரு முறை ஜி, மறு முறை சி. எதில் பாட்டு முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறதோ அதுதான் ச.

காது இன்னும் தடுமாறினால் வேறொரு சோதனை இருக்கிறது. ஜி மேஜருக்கும் சி மேஜருக்கும் இடையே ஒரே ஒரு நோட்டுதான் வேறுபடும். ஜி-யில் எஃப் ஷார்ப், சி-யில் சாதாரண எஃப். ஈ கம்பியில் 2-ஐயும் 1-ஐயும் பாட்டோடு சேர்த்துக் குட்டையாகத் தட்டிப் பாருங்கள். 2 பொருந்தினால் ஜி-யின் பக்கம் கனம் கூடுகிறது. 1 பொருந்தினால் சி-யை மீண்டும் சோதிக்கக் காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜி மைனரிலும் ஹரிகாம்போதி ராகச் சாயல் உள்ள பாட்டிலும் ச ஜி-யாக இருந்தும் சாதாரண எஃப்தான் வரும்.

ம-வை ச என்று பிடிப்பது இதைவிட அரிது. அந்தச் சந்தேகம் வந்தால் அடுத்த மெல்லிய கம்பியில் இரண்டு ஃப்ரெட் முன்னால் உள்ள நோட்டைச் சோதியுங்கள்.

மேஜரா, மைனரா?

ச உறுதியான பிறகு ஒரே ஒரு ஸ்வரத்தைத் தேடினால் போதும், அது காந்தாரம். ச-வுக்கு அடுத்த மெல்லிய கம்பியில் ஒரு ஃப்ரெட் பின்னால் இருப்பது அந்தர காந்தாரம். அது பொருந்தினால் மேஜர். இரண்டு ஃப்ரெட் பின்னால் இருப்பது சாதாரண காந்தாரம். அது பொருந்தினால் மைனர். ச ஈ கம்பி 5-இல் உள்ள ஏ என்றால், ஏ கம்பியில் 4 (சி ஷார்ப்) மேஜர், 3 (சி) மைனர். ச திறந்த கம்பியிலோ முதல் ஃப்ரெட்டிலோ இருந்து பின்னால் போக முடியாவிட்டால், அதே கம்பியில் நான்கு ஃப்ரெட் மேலே மேஜர், மூன்று ஃப்ரெட் மேலே மைனர்.

இந்தச் சோதனையைப் பாட்டின் எந்த இடத்தில் வேண்டுமானாலும் செய்யக் கூடாது. ச-வின் கார்டு (ச-வை அடியாகக் கொண்டு சேர்ந்தொலிக்கும் நோட்டுகள்) ஒலிக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். வேறு கார்டு ஓடும்போது சரியான காந்தாரமே தப்பாகக் கேட்கும். ப்ளூஸ் சாயல் உள்ள பாட்டில் இரண்டு காந்தாரங்களும் வரும். அங்கே ச, ப இரண்டை மட்டும் வாசித்துக்கொண்டு போவது பாதுகாப்பு.

இதில் இன்னொரு குழப்பமும் வரும். சி மேஜரும் ஏ மைனரும் அதே ஏழு நோட்டுகள்தான். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது கிரக பேதம்: சங்கராபரணத்தின் தைவதத்தை ச ஆக்கினால் நடபைரவி. எனவே "எல்லா நோட்டும் பொருந்துகிறது" என்பதை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. வரிகள் எங்கே அமர்கின்றன என்று கேளுங்கள். கூடவே ஜி ஷார்ப் எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். ஈ மேஜர் கார்டு வந்து ஏ மைனரில் விழும்போது அந்த நோட்டு வரும். அது வந்தால் கீரவாணி ராகத்தின் வாசனை, ஏ மைனர் என்பது கிட்டத்தட்ட உறுதி. எந்த மேஜருக்கும் அதன் ஜோடி மைனர் அதே கம்பியில் மூன்று ஃப்ரெட் கீழே இருக்கிறது.

பதிவில் உள்ள பேஸிடமே கேட்பது

முனகி முனகியும் ச பிடிபடவில்லை என்றால் வேறு வழியில் வாருங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் பதிவில் உள்ள பேஸ் எந்த நோட்டை வாசிக்கிறது என்று மட்டும் கேட்டுக் காகிதத்தில் எழுதுங்கள். பேஸ் மங்கலாகக் கேட்டால், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பாட்டை 12 அரைச்சுரம் (ஒரு ஸ்தாயி) மேலே ஏற்றுங்கள். கிட்டார் உயரத்துக்கு வந்து தெளிவாகக் கேட்கும், நோட்டின் பெயரும் மாறாது. யூடியூபில் வேகத்தை 0.75-க்குக் குறைத்தாலும் சுருதி மாறாது.

எழுதிய நோட்டுகளில் இரண்டு ஃப்ரெட் இடைவெளியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மேஜர் கார்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சி, டி என்று வைத்துக்கொள்வோம், ஏ கம்பியில் 3, 5. அவை பெரும்பாலும் ம-வின் கார்டும் ப-வின் கார்டும். கீழே உள்ளதற்கு நேராக, தடித்த கம்பியில் அதே ஃப்ரெட்டில் ச இருக்கும். ஈ கம்பி 3, அதாவது ஜி. ஜோடி மைனரான ஈ மைனருக்கும் இதே சி, டி கார்டுகள் வரும் என்பதால் மேலே சொன்ன மேஜர்-மைனர் சோதனையை இங்கும் செய்துவிடுங்கள்.

முதல் கார்டையோ கடைசிக் கார்டையோ கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பல பாட்டுகள் ச அல்லாத கார்டில் தொடங்குகின்றன, சில அமராமல் மங்கி மறைகின்றன. பேஸ் எப்போதும் கார்டின் ரூட்டைத்தான் (கார்டின் பெயரில் உள்ள நோட்டை) வாசிக்கும் என்பதும் இல்லை. சி கார்டின் அடியில் ஈ வாசிக்கும் பேஸ் உங்களை எளிதாக ஈ-க்கு இழுத்துப் போய்விடும்.

எதுவுமே பொருந்தவில்லை என்றால்

எந்த ஃப்ரெட்டும் சரியாகப் பொருந்தாமல் இரண்டுக்கும் நடுவில் தொங்கினால் தவறு உங்கள் காதில் இல்லை. பழைய டேப் பதிவுகளில் வேகம் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். இணையத்தில் ஏற்றியவர் வேகத்தை மாற்றியிருக்கவும் கூடும். மிக நெருங்கிய ஃப்ரெட்டில் ச-வைப் பிடித்துக்கொண்டு, உரசல் மறையும்வரை அந்தக் கம்பியைப் பாட்டுக்குச் சுருதி சேருங்கள். பிறகு மற்ற மூன்றையும் அதற்கு இணையாக்குங்கள். முடிந்ததும் டியூனருக்குத் திரும்ப மறக்காதீர்கள்.

பல்லவியில் பொருந்தியது சரணத்தில் உரசினால் ஸ்கேல் மாறியிருக்கலாம். கடைசிப் பல்லவி ஒன்று அல்லது இரண்டு ஃப்ரெட் மேலே ஏறுவதும் வழக்கம். மாறும் இடத்திலிருந்து ச தேடலைப் புதிதாகத் தொடங்குங்கள். பதிவில் உங்கள் திறந்த ஈ-யைவிடத் தாழ்ந்த நோட்டு கேட்டால், அவர்கள் கம்பியைத் தளர்த்தியிருக்கிறார்கள் அல்லது அது ஐந்து கம்பி பேஸ். அதே நோட்டை ஒரு ஸ்தாயி மேலே வாசித்துக்கொள்ளலாம்.

கட்டைக் கணக்கு

பாடகர்களிடம் பேசும்போது ஆங்கில எழுத்தைவிடக் கட்டைதான் புழங்கும். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள், ஆகவே ஒன்றரை சி ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப். ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது, பி-க்கும் சி-க்கும் நடுவிலும் கிடையாது. அதனால் மூன்றரை, ஏழரை என்று இல்லை. பாடகர் 3-இலிருந்து 4-க்கு ஏற்றச் சொன்னால் முழுக் கட்டை போலத் தோன்றினாலும் பேஸில் ஒரு ஃப்ரெட்தான். 4-இலிருந்து 5-க்கு இரண்டு ஃப்ரெட்.

அரைக் கட்டை இறக்கச் சொன்னால் கையின் வடிவம் மாறாமல் ஒரு ஃப்ரெட் பின்னால் வந்தால் போதும். திறந்த கம்பிகளைப் பயன்படுத்தி வாசித்த இடங்களில் மட்டும் அது நடக்காது. 6 கட்டைப் பாட்டை ஐந்தரைக்கு இறக்கும்போது திறந்த ஏ கம்பி போய்விடும், ஈ கம்பி 4-இல் ச வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்திகைக்கு முன்பே திறந்த கம்பி இல்லாமல் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிடுங்கள்.