ஒன்றரை வயது ஊசி நாளில் ஆட்டிசத்தைக் கவனிப்பது எப்படி

16 முதல் 24 மாதத்துக்குள் போடும் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) பூஸ்டருக்கும் இரண்டாவது எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது முடிந்துவிட்டால் அட்டவணைப்படி அடுத்த ஊசி ஐந்து வயதில்தான். நடுவில் சளி, காய்ச்சல் என்று வருவார்களே தவிர, பிள்ளை எப்படி வளர்கிறது என்று காட்டுவதற்காக யாரும் வரமாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற டாக்டர்களும் நர்ஸ்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த வருகையைக் கைவிட்டால் ஆட்டிசத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிற வாய்ப்பு அநேகமாகப் போய்விடும்.

பார்ப்பதை ஊசிக்கு முன்னால் பாருங்கள். ஊசி குத்தி வீறிட்டு அழுகிற குழந்தையிடம் எதையும் கவனிக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. ஊசி போட்ட கையோடு "வளர்ச்சியில் சந்தேகம் இருக்கிறது" என்றால், ஊசியால்தான் வந்தது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அப்படிச் சொல்லிப் பீதி கிளப்பிய 1998 கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது, ஆனால் அந்தப் பயம் மட்டும் இன்னும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் அம்மாவிடம் பேச்சுக் கொடுங்கள். "பிள்ளை நல்லாயிருக்கா?" என்று கேட்டால் "நல்லாயிருக்கான் சார்" என்பதோடு முடிந்துவிடும். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவீர்களா, நீங்கள் கை நீட்டினால் அவன் நிலாவைப் பார்க்கிறானா, அப்புறம் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா என்று கேளுங்கள். காக்காயைப் பார்த்தால் "அதோ" என்று உங்களுக்குக் காட்டுகிறானா? டாட்டா காட்டுகிறானா? சொப்பில் சமைத்துப் பொம்மைக்கு ஊட்டுகிறானா? இப்படிக் கேட்டால்தான் பதில் நீளும். ஒரு அம்மா சொன்னது நினைவிருக்கிறது: "பிஸ்கட் வேணும்னா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி டப்பா மேல வைப்பான் சார், என் மூஞ்சியைப் பார்க்கமாட்டான்." அம்மாவின் கை அவனுக்கு ஒரு கருவி மாதிரி. விரல் நீட்டிக் கேட்பதும் இல்லை, கண் பார்ப்பதும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்திலேயே நமக்கு வேண்டிய பாதி இருந்தது.

பேச்சு நடக்கும்போதே குழந்தையைப் பாருங்கள். முதுகுப் பக்கமிருந்து பெயர் சொல்லி இரண்டு மூன்று தடவை கூப்பிடுங்கள். பெயருக்குத் திரும்பாமல், பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தத்துக்கு மட்டும் டக்கென்று திரும்புகிற குழந்தையை நானே பார்த்திருக்கிறேன். அதற்காகக் காது நன்றாகக் கேட்கிறது என்று எழுதிவிடாதீர்கள், முறையான காது டெஸ்ட் எல்லோருக்கும் வேண்டும். அடுத்து, மேலே ஓடுகிற ஃபேனைக் காட்டி "அங்க பாரு!" என்று சொல்லுங்கள். ஃபேனைப் பார்க்கிறதா, உங்கள் விரலையே பார்க்கிறதா, எதையுமே பார்க்கவில்லையா? ஆனால் ஒன்று, புது இடத்தில் மிரண்டுபோய் ஒட்டிக்கொள்கிற குழந்தையும் உண்டு, அறையில் இரண்டு நிமிடம் சரியாகவே தெரிகிற குழந்தையும் உண்டு. நாம் பார்த்ததை வைத்து மட்டும் தீர்மானிக்கக் கூடாது.

அதனால்தான் கேள்வித்தாள். எம்-சாட்-ஆர் என்பது ஆட்டிசச் சந்தேகம் உண்டா என்று பெற்றோரிடம் கேட்டுப் பார்க்கிற கேள்வித்தாள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்வி, ஆம் இல்லை என்று பதில், தமிழிலும் இருக்கிறது. படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நர்ஸ் வாசித்துக் காட்டலாம். 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளுக்கு 'ஆம்' என்பதுதான் சந்தேகப் பதில்: காது கேட்கவில்லையோ என்று நினைத்ததுண்டா, கண்ணுக்குப் பக்கத்தில் விரல்களை விநோதமாக ஆட்டுகிறதா, மிக்ஸி போன்ற அன்றாடச் சத்தத்துக்குக் கலங்கிப்போகிறதா. மற்ற எல்லாவற்றிலும் 'இல்லை'தான் கணக்கு. இங்கேதான் கூட்டலில் தப்பு வரும்.

சந்தேகப் பதில்கள் மொத்தம் 0 முதல் 2 என்றால் இப்போதைக்குச் சரி, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அது நிரம்பியதும் இன்னொரு தடவை பாருங்கள். 3 முதல் 7 என்றால் சந்தேகம் வந்த கேள்விகளை மட்டும் எடுத்து உதாரணம் சொல்லிச் சொல்லி மறுபடி விசாரியுங்கள், அப்போதும் இரண்டோ அதற்கு மேலோ நின்றால் மேலே அனுப்புங்கள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் மறு விசாரணை வேண்டாம், நேரே அனுப்பலாம். மதிப்பெண் குறைவாக இருந்தும் அம்மாவுக்கு மனசு சரியில்லை என்றால், அம்மாவை நம்பி அனுப்புங்கள். பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோய்விட்டன என்று யாராவது சொன்னால் கேள்வித்தாளையே எடுக்க வேண்டாம், எந்த வயதாக இருந்தாலும் உடனே அனுப்ப வேண்டும்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்திடம் "மூணு வயசு வரைக்கும் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினேன். பாட்டி கூடவே இருந்து, "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்றார், எனக்கும் அது வசதியாக இருந்தது. வீட்டில் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள், எங்கேயோ நாக்கு ஒட்டியிருக்கிறது என்று சொல்லி வெட்டியும் விட்டார்கள். விரல் நீட்டிக் காட்டாததற்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றரை வருடம் போய்விட்டது. அந்த ஒன்றரை வருடத்தை நான்தான் வீணாக்கினேன், இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

பெற்றோரிடம் சொல்லும்போது நோயின் பெயரில் ஆரம்பிக்காதீர்கள். இந்தக் கேள்வித்தாள் ஆட்டிசம் என்று உறுதி செய்வதில்லை, இன்னும் விவரமாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. "கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டையும் நானும் பார்த்தேன், நீங்களும் சொன்னீர்கள், அதனால் பெரிய இடத்தில் காட்டிவிடுவோம்" என்றால் போதும். நேரடியாக ஆட்டிசமா என்று கேட்டால் "இருக்கலாம், பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். வளர்ப்பில் குறை இல்லை என்பதை அம்மா காதில் விழுகிற மாதிரி, மாமியாரும் கணவரும் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள்.

அனுப்ப வேண்டிய இடம் மாவட்ட இடையீட்டு சேவை மையம், ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வருவதால் கட்டணம் இல்லை. காது டெஸ்ட், பேச்சுப் பயிற்சி, மற்ற தெரபி எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் சீட்டு எழுதுங்கள், ஒன்று முடிந்து ஒன்று என்று வைத்தால் மாதங்கள் ஓடிவிடும். பயிற்சி தொடங்க நோயின் உறுதியான பெயரோ ஊனமுற்றோர் சான்றிதழோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதுவரை வீட்டில் செய்ய ஒன்று சொல்லிக்கொடுங்கள்: டம்ளரில் ஒரு மடக்கு பால் மட்டும் ஊற்றி, குழந்தையின் கண்மட்டத்தில் உட்கார்ந்து, அடுத்த மடக்குக்கு அது உங்களைப் பார்க்கும்வரை கொஞ்சம் காத்திருங்கள். பார்த்ததும் உடனே ஊற்றுங்கள். சாப்பாட்டு நேரத்தில் செல்போன் வேண்டாம்.

அனுப்பியவர்களின் பெயரையும் போன் நம்பரையும் தனி நோட்டில் எழுதிவைத்து, இரண்டு வாரம் கழித்துக் கூப்பிடுங்கள். "அவருக்கு லீவு கிடைக்கலைங்க" என்பார்கள், "பாட்டி வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்பார்கள். கோபப்படாமல், எந்தக் கிழமை போக முடியும் என்று கேட்டு அந்தத் தேதியையும் நோட்டில் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தின நாள் மறுபடி ஒரு போன் போடுங்கள்.