சின்ன கான்ஃபரன்ஸின் பலத்தை எடைபோடுவது எப்படி? சன் பெல்ட் 2022-ஐ வைத்து ஒரு செய்முறை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2022 செப்டம்பர் 10 மறக்க முடியாத சனிக்கிழமை. சன் பெல்ட் கான்ஃபரன்ஸின் (கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் அதிகம் மோதிக்கொள்ளும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) மூன்று அணிகள் ஒரே நாளில் பெரிய இடங்களுக்குப் போய் ஜெயித்துத் திரும்பின. ஆப்பலேச்சியன் ஸ்டேட் 17-14 என்று தேசிய ரேங்கிங்கில் 6-ம் இடத்திலிருந்த டெக்சஸ் ஏ அண்ட் எம்மை வீழ்த்தியது. மார்ஷல் 26-21 என்று 8-ம் இடத்திலிருந்த நோட்டர் டேமை வென்றது. ஜார்ஜியா சதர்ன் 45-42 என்று நெப்ராஸ்காவைத் தோற்கடித்தது. மறுநாளே நெப்ராஸ்காவின் பயிற்சியாளருக்கு வேலை போயிற்று.

அப்படியானால் சன் பெல்ட் பலமான கான்ஃபரன்ஸா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே எடுபடாது. இது ஒரே பானை இல்லை; 14 அணி, 14 அடுப்பு. ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு எக்ஸெல் ஷீட்டும் ஒரு மாலை நேரமும் போதும்.

படி 1: உள் ஆட்டங்களை ஒதுக்குங்கள்

சன் பெல்ட் அணி ஒவ்வொன்றும் வழக்கமாகச் சீசனில் 12 ஆட்டம் ஆடும். அதில் 8 கான்ஃபரன்ஸுக்குள்ளேயே. உள்ளே ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றாக வேண்டும். 56 ஆட்டத்தில் 56 வெற்றி, 56 தோல்வி. கான்ஃபரன்ஸ் மலையாக இருந்தாலும் மடுவாக இருந்தாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. "எங்கள் கான்ஃபரன்ஸில் யார் வேண்டுமானாலும் யாரையும் ஜெயிப்பார்கள், அவ்வளவு கடினம்" என்பார்கள். எல்லோரும் சமமாகப் பலவீனமாக இருந்தாலும் அதேதான் நடக்கும்.

ஆகவே அணிக்கு மிச்சமுள்ள 4 வெளி ஆட்டங்கள்தான் நமக்குச் சாட்சி.

படி 2: ஷீட்டில் ஆறு பத்திகள் போதும்

அணி, எதிரணி, எதிரணியின் தரம், எங்கே ஆடினார்கள், புள்ளி வித்தியாசம், எதிரணி சீசன் முடிவில் எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி.

தரம் என்பதில் மூன்றே வகை வையுங்கள். எஸ்இசி, பிக் டென் போன்ற பணக்காரக் கான்ஃபரன்ஸ் அணிகள் 'பெரியவை'. எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத நோட்டர் டேமையும் இதில் சேருங்கள். அமெரிக்கன், மிட்-அமெரிக்கன், மவுண்டன் வெஸ்ட், கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ அணிகள் 'சமமானவை'. அதற்கும் கீழே எஃப்சிஎஸ் என்ற கீழ்ப் பிரிவு. 2022-ல் மேல் பிரிவு அணிக்கு 85 ஸ்காலர்ஷிப், எஃப்சிஎஸ் அணிக்கு 63. இந்த இடைவெளி காரணமாக எஃப்சிஎஸ் அணியை ஜெயித்ததற்கு மதிப்பெண் கிடையாது. தோற்றால் மட்டும் சிவப்பு மையில் குறியுங்கள்.

படி 3: வித்தியாசத்தைத் திருத்துங்கள்

சொந்த மைதானத்துக்குத் தோராயமாக 3 புள்ளி மதிப்பு. நம் அணி வெளியூர் போயிருந்தால் 3 கூட்டுங்கள், ஊரில் ஆடியிருந்தால் 3 கழியுங்கள். ஓவர்டைமுக்குப் போன (சமநிலையில் முடிந்து கூடுதலாக ஆடிய) ஆட்டத்தை முதலில் 0 வித்தியாசமாக வைத்துக்கொண்டு அப்புறம் இந்தத் திருத்தத்தைச் செய்யுங்கள். கடைசியில் 21-க்கு மேல் போகும் எதையும் 21 என்றே எழுதுங்கள். 2022-ல் லூசியானா மன்ரோ அலபாமாவிடம் 63-7 என்று தோற்றது. அந்த 56-ஐ அப்படியே விட்டால் மற்ற அத்தனை வரிகளையும் அது விழுங்கிவிடும்.

படி 4: சமமானவர்களோடு மோதியதை முதலில் பாருங்கள்

புதிதாகச் செய்பவர்கள் நேராகப் 'பெரியவை' பக்கம் ஓடுவார்கள். உண்மையான எடை இங்கேதான் தெரியும், ஏனென்றால் இரு தரப்பிலும் பணம், ஆள், மைதானம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு.

2022-லிருந்து எட்டு ஆட்டங்களைத் திருத்திப் போட்டுப் பார்ப்போம். மார்ஷல் நோட்டர் டேமை வென்ற அடுத்த வாரமே பௌலிங் கிரீனில் ஓவர்டைமில் 34-31 என்று தோற்றது: +3. அந்த பௌலிங் கிரீன் ஒரு வாரம் முன்புதான் ஈஸ்டர்ன் கென்டக்கி என்ற எஃப்சிஎஸ் அணியிடம் தோற்றிருந்தது. நெப்ராஸ்காவை வென்ற ஜார்ஜியா சதர்ன் அடுத்த வாரம் யுஏபி ஊரில் 35-21 தோல்வி: −11. லூசியானா ரைஸ் ஊரில் 33-21 தோல்வி: −9. டெக்சஸ் ஸ்டேட் நெவாடா ஊரில் 38-14 தோல்வி: −21. ஜார்ஜியா ஸ்டேட் சொந்த ஊரில் ஷார்லட்டிடம் 42-41 தோல்வி: −4. நல்ல பக்கத்தில், டிராய் வெஸ்டர்ன் கென்டக்கியில் 34-27: +10. சவுத் அலபாமா சென்ட்ரல் மிச்சிகனில் 38-24: +17. சதர்ன் மிஸ் டுலேனை அவர்கள் ஊரிலேயே 27-24: +6. அந்த டுலேன்தான் 12 வெற்றியோடு சீசனை முடித்து, காட்டன் பௌல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் யுஎஸ்சி-யை வென்றது. முழு சீசனிலும் சன் பெல்ட் பெற்ற ஆகச் சிறந்த வெற்றிகளில் அது ஒன்று. செப்டம்பரில் யாரும் கவனிக்கவில்லை.

எட்டையும் கூட்டினால் −9. சராசரி ஏறக்குறைய −1. ஆக சுமாரான கான்ஃபரன்ஸ் என்று மூடிவைக்கத் தோன்றும். இன்னும் இரண்டு வரி சேருங்கள்: ஜேம்ஸ் மேடிசன் ஊரில் மிடில் டென்னசியை 44-7, வரம்பு வைத்தபின் +21. கோஸ்டல் கரோலைனா ஊரில் பஃபலோவை 38-26: +9. இப்போது மொத்தம் +21, சராசரி +2. இரண்டே வரியில் குறி மாறிவிட்டது. அதனால்தான் ஒரு ஆட்டம்கூட விடாமல் எல்லா வரிகளையும் நிரப்பச் சொல்கிறோம். பிடித்த எட்டைப் பொறுக்கினால் பிடித்த விடைதான் வரும்.

படி 5: பெரியவர்களோடு மோதியதைச் சீசன் முடிந்தபின் மறுபடி பாருங்கள்

ஆட்டம் நடந்த நாளின் ரேங்கிங் ஓர் ஊகம்தான். டெக்சஸ் ஏ அண்ட் எம் அந்த ஆண்டு 5 வெற்றி, 7 தோல்வி. நெப்ராஸ்கா 4-8. நோட்டர் டேம் மட்டும் 9-4. மூன்று பெரிய வெற்றிகளில் டிசம்பரிலும் முழு எடையோடு நின்றது மார்ஷலின் வெற்றி ஒன்றுதான்.

மாறாக, சில தோல்விகள் வெற்றியைவிட அதிகம் பேசும். சவுத் அலபாமா யுசிஎல்ஏ மைதானத்தில் 32-31 என்று கடைசி ஃபீல்டு கோலில் (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) தோற்றது. திருத்தினால் +2. யுசிஎல்ஏ 9-4 என்று முடித்த அணி. நம் ஷீட்டில் இந்தத் தோல்வி நெப்ராஸ்கா வெற்றிக்குக் குறைந்ததல்ல.

நேரம் இருந்தால் முக்கியமான ஆட்டங்களின் புள்ளிவிவரப் பக்கத்தையும் திறவுங்கள். ஆப்பலேச்சியன் ஸ்டேட் செப்டம்பர் 10 அன்று 82 பிளே (பந்தை ஆட்டத்துக்கு விட்டு அது நிற்கும்வரை ஒரு பிளே) ஆடி 315 கஜம் எடுத்தது. ஏ அண்ட் எம் 38 பிளேயில் 186. பந்து 41 நிமிடத்துக்கு மேல் ஆப்பலேச்சியன் கையில். ஆனால் ஒரு பிளேக்கு எத்தனை கஜம் என்று வகுத்தால் 3.8-க்கு 4.9, ஏ அண்ட் எம்தான் மேல். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரியைப் பட்டினி போட்டுப் பெற்ற வெற்றி அது. அருமையான திட்டம், அதற்குரிய மரியாதை உண்டு; ஆளுக்கு ஆள் பலத்தில் மிஞ்சினார்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

படி 6: நடு அணியைக் கண்டுபிடியுங்கள்

உச்சியில் ஒரு நல்ல அணி எந்தக் கான்ஃபரன்ஸிலும் இருக்கும். 14 அணிகளை வரிசைப்படுத்தி 7, 8-ம் இடங்களைப் பாருங்கள். 2022-ல் டிராய் 12-2 என்று மேலே. கடைசி ஐந்து அணிகள் ஆளுக்கு 3 அல்லது 4 வெற்றி. நடுவில் யார்? 6-6 எடுத்த ஆப்பலேச்சியன் ஸ்டேட். அடுத்து 6-7 என்று லூசியானாவோடு சமமாக நின்ற ஜார்ஜியா சதர்ன். செப்டம்பர் 10-ன் மூன்று நாயகர்களில் இருவர்தான் இந்தக் கான்ஃபரன்ஸின் நடுப்புள்ளி. ஐந்து அணிகள் அடிமட்டத்தில் கிடந்தபோதும் அந்த ஆண்டு சன் பெல்ட்டை மதிக்க எங்களுக்கு இதுவே முதல் காரணம்: நடு அணிகளே அந்த மைதானங்களில் போய் நின்று ஆடின.

படி 7: பௌல் ஆட்டங்களுக்குக் கால்வாசி எடை

சன் பெல்ட் அந்த ஆண்டு பௌலில் 3 வெற்றி, 4 தோல்வி. டிசம்பரில் பயிற்சியாளர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், வீரர்கள் விலகியிருப்பார்கள். கோஸ்டலின் பயிற்சியாளர் லிபர்ட்டிக்குப் போனபின் அந்த அணி ஈஸ்ட் கரோலைனாவிடம் 53-29 என்று தோற்றது. யார் பௌலுக்கே வரவில்லை என்பதையும் பாருங்கள். ஆப்பலேச்சியனின் 6 வெற்றிகளில் 2 எஃப்சிஎஸ் அணிகள் மேல் வந்தவை. பௌல் தகுதிக்கான வெற்றிக் கணக்கில் அதில் ஒன்றுதான் செல்லும் என்பதால் இடமில்லை. ஜேம்ஸ் மேடிசன் 8-3 எடுத்தும், எஃப்சிஎஸ்ஸிலிருந்து மாறிவந்த முதல் ஆண்டு என்பதால் விதி தடுத்தது.

படி 8: ஆண்டோடு ஆண்டை ஒப்பிடும் முன்

2021-ல் சன் பெல்ட்டில் 10 ஃபுட்பால் அணிகள். 2022-ல் மார்ஷல், ஓல்டு டொமினியன், சதர்ன் மிஸ், ஜேம்ஸ் மேடிசன் சேர்ந்து 14. "வளர்ந்துவிட்டது" என்று சொல்லுமுன் பழைய 10 அணிகளை மட்டும் தனியே கணக்கிடுங்கள். பழைய அணிகள் முன்னேறினவா, புதியவை பலத்தைக் கொண்டுவந்தனவா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.

எஸ்பி பிளஸ் போன்ற தயார் ரேட்டிங்குகளோடு உங்கள் விடையை ஒத்துப் பார்க்கலாம். சீசன் தொடக்கத்தில் அவற்றில் முன்கணிப்பின் பங்கு கலந்திருக்கும். அக்டோபர் பாதி தாண்டியபின் பாருங்கள். போன ஆண்டு ஷீட்டை இந்த ஆண்டுக்கு எடுத்துவராதீர்கள். ஜேம்ஸ் மேடிசன் 2023 வழக்கமான சீசனில் 11-1. சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி இண்டியானாவுக்குப் போனார், பத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் பின்னாலேயே போனார்கள். 2024-ல் இண்டியானா 11-2. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஷீட்டைக் காலியாக்கிவிட்டு முதல் வரியிலிருந்து எழுதுங்கள்.