சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால்: இலங்கையில் தமிழில் பதில் கேட்பது எப்படி

குருநாகலிலோ காலியிலோ பிரதேச சபைக்குத் தமிழில் எழுதுங்கள், தயங்க வேண்டாம். நிர்வாக மொழி சிங்களமாக இருக்கும் இடங்களிலும் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மாகாண சபை, உள்ளூராட்சி அலுவலர்களையும் இது கட்டுப்படுத்தும்.

கடிதத்தின் கடைசி வரியில் "பதிலைத் தமிழில் தரவும்" என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: கருமபீடத்தில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள், பிறகு காட்ட எதுவும் இருப்பதில்லை. விளங்காத சிங்களப் படிவத்தில் கையொப்பமிடவே வேண்டாம். உங்களுக்கென வழங்கும் ஆவணத்தைத் தமிழிலோ அதன் தமிழ் மொழிபெயர்ப்பாகவோ கேட்கலாம்.

"மொழிபெயர்ப்பாளர் இல்லை" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அதனால் உங்கள் உரிமை இல்லாமல் போகாது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பிறகு, 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குப் பிரதிகளுடன் முறையிடுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி மனுச் செய்ய வேண்டும். பதிலுக்காகக் காத்திருந்தே இந்தக் காலத்தைத் தவறவிடுகிறார்கள்.